கெட் இன், கெட் டவுன்

அன்றைக்குப் பரீட்சைக்குக் காத்திருந்த அந்த ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. பெண்கள் மூன்று பேர். இரண்டு பேருக்குக் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. மூன்றாவது பெண்ணுக்குத் துணையாக மாமியார். கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன். காரைக்குடிப் பக்கத்து ஹோட்டல் மாஸ்டர் ஒருவர். அவரோடு வந்து வாயைத் திறந்தபடி தூங்கிய அவருடைய மச்சான். கூத்தாநல்லூர் ரஹ்மத் நிஷா, அவள் அத்தா என்று கூப்பிடுகிற அப்பா. கவுண்டரில் ஒரு பெண், வாசலில் செக்யூரிட்டி. மொத்தம் பதினொன்று.

செக்யூரிட்டி எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டு, "பன்னெண்டு பேரு இருக்காங்க, ஃபேனை இன்னும் கொஞ்சம் வைம்மா" என்றார். நான் மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான். மாமியார் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது, அதைச் சேர்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. கணக்கில் வராது.

எண்ணிக்கை விஷயத்தில் இப்படித்தான் ஆளாளுக்கு அசட்டையாக இருக்கிறார்கள். இந்த வண்டியையே பாருங்கள். தஞ்சாவூரில் கிளம்பும்போது நம் கண்டக்டர் என்ன சொன்னார்? முப்பத்திரண்டு. நான் எண்ணினேன், முப்பத்தொன்று. சின்ன வயசுக்காரர், போகட்டும். நான் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்? நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நீங்கள் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, "ஏர்போர்ட்டுக்கா சார்?" என்று கேட்டீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் பக்கிரிசாமி. இதே மன்னார்குடி - திருச்சி ரூட்டில் முப்பத்து மூன்று வருஷம் கண்டக்டர். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. என் மனைவி செங்கமலம் நர்ஸ். பதினாறு வருஷமாக லண்டனில் இருக்கிறாள். லண்டனே இல்லை, பக்கத்தில் வேறு ஒரு ஊர். எங்கள் தெருவில் எல்லா ஊரும் லண்டன்தான். அவள் அந்த ஊர்க் குடியுரிமையே வாங்கிவிட்டாள். நான் வாங்கவில்லை, இங்கேயே இருந்துவிட்டேன்.

ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் லீவு கிடைக்கவில்லை. அப்புறம் சர்வீஸ் முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் பென்ஷன் பேப்பர் வரவேண்டியிருந்தது. அது வந்த பிறகு வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் முறையான காரணம். செங்கமலம் மட்டும், "பயம்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போங்களேன்" என்பாள். பயமெல்லாம் இல்லை. விமானம் ஏறுகிற ஒருவன் கிளம்பும் முன் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டாமா?

வெள்ளை அடித்து முடித்த அன்றைக்கு ஃபோன் செய்தாள். "சுவர் காஞ்சுதா?"

"காஞ்சுது."

"அடுத்து என்ன, ஓடு மாத்தணுமா? இங்க பாருங்க. இந்தத் தடவை நீங்க வரலைன்னா, இனிமே நான் வாங்கன்னு கூப்பிட மாட்டேன். நீங்க அங்க, நான் இங்க. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கு அங்கே மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியவில்லை, கூட ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் போகிறேன். மற்றபடி எனக்கொன்றும் அவசரம் இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மனைவியோ புருஷனோ கூப்பிட்டால் மட்டும் போதாது. போகிறவருக்குக் கொஞ்சமாவது ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை. எழுதுகிற பரீட்சை இல்லை, பேசுகிற பரீட்சை. இரண்டு பேரை ஜோடியாக உட்கார வைத்து ஒருவரையொருவர் கேள்வி கேட்கச் சொல்வார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெரிய கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை முப்பத்து மூன்று வருஷம் ஏற்றி இறக்கியவன் நான்.

தஞ்சாவூரில் ஒரு மொபைல் கடை மாடியில் வகுப்பு. ஹெலன் மிஸ் என்று ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே பலகையில் 'கெட்' என்று பெரிதாக எழுதினார்.

"இந்த ஒரு வார்த்தை பிடிபட்டா பாதிப் பரீட்சை முடிஞ்ச மாதிரி. கெட்னா கிடைக்கிறது. கெட்னா வாங்குறது. கெட்னா ஆகுறது. கெட்னா போய்ச் சேர்றது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ஆளுக்கு இத்தனை வேலையா? எங்கள் டிப்போவில் ஆள் இல்லாத நாளில் இப்படித்தான், இருக்கிற ஒருவனையே காலையில் திருச்சிக்கும் மத்தியானம் பட்டுக்கோட்டைக்கும் அனுப்புவார்கள். வெள்ளைக்காரன் பாஷையிலும் டபுள் டூட்டி இருக்கிறது.

எனக்கு அடுத்த நாற்காலியில்தான் ரஹ்மத் நிஷா. அவளுக்கு நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம். மாப்பிள்ளை அங்கே ஹோட்டலில் வேலை. அவள் மெதுவாக, "எனக்குக் கெட்டுன்னாலே பாலு கெட்டுப்போச்சுங்கறதுதான் ஞாபகம் வருது மாமா" என்றாள். நான் சிரிக்கவில்லை. வகுப்பில் சிரிக்கக் கூடாது.

"அங்கிள், நீங்க கெட் வச்சு அஞ்சு வாக்கியம் சொல்லுங்க."

ஐந்தென்ன, ஐம்பது சொல்வேன். எழுந்து நின்றேன். கெட் இன். கெட் டவுன். கெட் இன்சைடு. கெட் பேக். கெட் டிக்கெட்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாம் உத்தரவா இருக்கே. யாரைப் பார்த்துச் சொல்றீங்க?" என்றார்.

"ஏறுறவங்களைப் பார்த்து மிஸ். படியில நிக்குறவங்களைப் பார்த்து."

"சரி, நீங்க ஏறினா என்ன சொல்வீங்க? 'ஐ'ன்னு ஆரம்பிங்க. ஐ கெட்…"

"நான் எதுக்கு மிஸ் ஏறணும்? நான்தான் ஏற்கெனவே வண்டியில இருக்கேனே."

அதற்கும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சரியான பதில்தானே? கண்டக்டர் ஏறியதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஜனங்கள் வரும்போது அவர் வண்டியில் இருப்பார். ஜனங்கள் போன பிறகும் இருப்பார்.

மிஸ் விடவில்லை. தினமும் வகுப்பு முடியும்போது என்னை நிறுத்தி, "அங்கிள், ஒரு ஐ கெட்" என்பார். எனக்கு அந்த 'ஐ' வாயில் வராது. எதிரில் ஆள் இருந்தால் கெட் தானாக வரும். என்னைச் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பாடத்தன்றைக்கு என்னைக் கேட்டார். 'ஐ காட் மேரீட்' என்று சொல்ல வேண்டும். நான் அவரைப் பார்த்து, "கெட் மேரீட்" என்றேன்.

"எங்கம்மாவும் தினம் இதைத்தான் சொல்றாங்க அங்கிள்" என்று மிஸ் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் எழுந்திருக்கிற பாடம் வந்தது. கஷ்டப்பட்டு 'ஐ' போட்டு, "ஐ கெட்டப் ஃபோர்" என்றேன். நான்கு மணிக்கு எழுகிறேன் என்று அர்த்தம். நிஷா வாயைப் பொத்திக்கொண்டு, "நாலு கெட்டப்பா மாமா? ராஜா வேஷம் உண்டா?" என்றாள். சின்னப் பெண்ணுக்கு வாய் அதிகம். 'அட்' என்று ஒன்று நடுவில் வர வேண்டுமாம்.

செங்கமலத்திடம் பாடத்தைப் பற்றிச் சொன்னால் அவள் ஒரு பக்கம். "கெட் டவுன்னு சொல்லாதீங்க. பஸ்ஸுலேர்ந்து இறங்குறதுக்குக் கெட் ஆஃப். இங்க கெட் டவுன்னு கத்தினா, சுடுறாங்க போலிருக்குன்னு எல்லாரும் தரையில படுத்துக்குவாங்க."

"முப்பத்து மூணு வருஷம் சொன்னேன். ஒருத்தனும் படுக்கலை. எல்லாரும் இறங்கித்தான் போனாங்க."

"இறங்காத ஒருத்தியும் இருந்தா" என்றாள்.

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

வல்லம் வந்துவிட்டது பாருங்கள். நான்கு பேர் இறங்குகிறார்கள். இரண்டு பேர் ஏறுகிறார்கள். இருபத்தொன்பது. சரி, விட்ட இடம் எது? பரீட்சை.

சென்னையில் நடந்தது. அந்த ஹாலைத்தான் முதலிலேயே சொன்னேன். நிஷாவும் நானும் ஜோடி. உள்ளே போகும் முன் அவள் பாஸ்போர்ட்டை நான்கு தடவை பிரித்துப் பார்த்தாள். அவளுடைய அத்தா, "சார் இருக்காங்கள்ல, தைரியமாப் போ" என்றார். நான் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன். சென்னையில் எப்போதும் புழுக்கம்.

உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். புடவை கட்டியிருந்தார், ஆனால் ஒரு சொல் தமிழ் பேசவில்லை. பெயர் கேட்டார், ஊர் கேட்டார். எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டார். 'அட்' போட்டுச் சொன்னேன். நிஷா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவள் பயமும் கொஞ்சம் போயிருக்க வேண்டும்.

பிறகு அந்த அம்மாள், இப்போது நீங்கள் இருவரும் குடும்பத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார். நிஷா என்னைக் கேட்க வேண்டும். உங்கள் மனைவியை எப்படிச் சந்தித்தீர்கள் என்பதற்கு வகுப்பில் ஒரு வாக்கியம் சொல்லித் தந்திருந்தார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் அது மறந்துவிட்டது. எது மறந்தாலும் கெட் இருக்கிறதே. நாற்காலி நுனிக்கு வந்து ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்.

"ஹவ் டூ யூ கெட் யுவர் ஒய்ஃப்?"

கெட் என்றால் வாங்குவது. கெட் என்றால் கிடைப்பது. உன் பெண்டாட்டி உனக்கு எப்படிக் கிடைத்தாள்?

தம்பி, இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் தமிழில்கூடக் கேட்டதில்லை. எனக்கு வகுப்பு மறந்தது, பலகை மறந்தது. முன்படி மட்டும் கண்ணில் தெரிந்தது.

"பஸ்" என்றேன்.

"பஸ்?" என்றார் கண்ணாடி அம்மாள்.

"யெஸ் மேடம். மை பஸ். ஷி கெட் இன். ஐ சே, கெட் டவுன். ஷி நோ கெட் டவுன்."

"ஒய்?"

அவள் அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி எக்ஸ்பிரஸ். அவளுடைய ஆஸ்பத்திரி வாசலில் நிற்காது. அதைச் சொல்லி இறங்கச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிக்காதுன்னா நீங்க நிறுத்துங்க" என்றாள். வண்டியே திரும்பிப் பார்த்தது. இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

"எக்ஸ்பிரஸ் பஸ், மேடம். ஹாஸ்பிட்டல் நோ ஸ்டாப். ஐ சே ரூல். ஷி சே, யூ ஸ்டாப்."

"அண்ட் டிட் யூ ஸ்டாப்?"

"ஐ ஸ்டாப்."

நிஷா அடுத்த கேள்வியை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒன் டே?" என்றார்.

"எவ்ரி டே, மேடம்."

இரண்டு வருஷம் நிறுத்தினேன். டிரைவர் சிங்காரவேலு அந்த இடம் வந்ததும் நான் விசில் கொடுக்கும் முன்பே பிரேக்கில் கால் வைப்பார். விதிக்கு விரோதம்தான். என் சர்வீஸில் அது ஒன்றுதான். அதை ஒரு பரீட்சைக்கார அம்மாளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் சொல்வதால் வெட்கம் குறைவாக இருந்தது. வேறு யாரோ சொல்கிற மாதிரி இருந்தது.

"வேர் இஸ் ஷி நவ்?"

"லண்டன், மேடம். ஷி கெட் இன் ப்ளேன். ஐ சே டாட்டா."

"அண்ட் யூ?"

இதற்குத்தான், தம்பி, பதில் வரவில்லை. சின்னக் கேள்வி. இரண்டே சொல். அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடியது. நிஷா மேஜைக்கு அடியில் என் செருப்பைத் தன் செருப்பால் மெதுவாகத் தட்டினாள். விசிலுக்குப் பிறகும் நகராத வண்டியைத் தட்டுவார்களே, அந்த மாதிரி.

பதினாறு வருஷம். ஒவ்வொரு தடவை அவள் லீவு முடிந்து போகும்போதும் திருச்சியில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினேன். பெட்டி எத்தனை, பை எத்தனை என்று எண்ணிச் சொல்லி, "ம், ஏறு ஏறு" என்று அனுப்பினேன். எல்லாம் சரியாக ஏறியது. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தேன்.

"ஐ" என்றேன். நின்றுவிட்டது. அப்புறம் மறுபடி, "ஐ… ஐ கெட் இன்" என்றேன்.

இலக்கணம் சரியா, தெரியாது. அந்த அம்மாள் தலையை ஆட்டி, எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நிஷா அவள் அத்தாவிடம், "மாமா உள்ள லவ் ஸ்டோரி சொன்னாங்க அத்தா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். கோட்டுப் பையன் நிமிர்ந்து பார்த்தான். மச்சான்கூட விழித்துக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் செங்கமலத்திடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நிஷா கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. ஹாலில் பதினொரு பேர் இருந்ததையும், செக்யூரிட்டி பன்னிரண்டு என்றதையும் சொன்னேன்.

"உங்களைச் சேர்த்தீங்களா?" என்றாள்.

"என்னை எதுக்குச் சேர்க்கணும்? எண்ணுறவன் தன்னை எண்ணக் கூடாது. டிரிப் ஷீட்டுல பயணிகள் கணக்குத்தான் வரும்."

"அது பஸ்ஸா? அங்க நீங்க கண்டக்டரா?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நம்ம கல்யாணத்துல பந்திக்கு ஆள் எண்ணிட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் சாப்பிட்டு எழுந்தாச்சு. மாப்பிள்ளைக்கு இலை இல்லை."

அது உண்மைதான். அன்றைக்கு அவள் இலையிலேயே சாப்பிட்டேன். ஆனால் அதற்காக எண்ணுகிற முறையை மாற்ற முடியுமா? எனக்கு அது ஒப்பவில்லை.

முடிவை ஹெலன் மிஸ்தான் ஃபோனில் சொன்னார். "அங்கிள், யூ காட் எ பாஸ்!" என்று கத்தினார். முப்பத்து மூன்று வருஷம் மற்றவர்கள் நீட்டிய பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். எனக்கு ஒருவர் பாஸ் என்று சொன்னதும், ஒரு நொடி எந்த ரூட்டுக்கு என்று கேட்கப் பார்த்தேன். நிஷாவுக்கும் பாஸ். அவள் போன மாதமே போய்விட்டாள். போன இரண்டாம் நாளே ஃபோன் செய்து, "மாமா, இங்க பஸ்ஸுல கண்டக்டரே இல்ல!" என்றாள். நான் நம்பவில்லை. கேலிக்குச் சொல்லியிருப்பாள்.

செங்கமலத்துக்கு நேற்று ஃபோன் செய்தேன். பெட்டி ஒன்று, பை இரண்டு, வடகம் தனியாக என்று சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஏர்போர்ட்டுல நிப்பேன். பெட்டியை எண்ணிட்டு உங்களை அங்கேயே விட்டுட்டு வந்துடாதீங்க" என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அங்கே குளிர், சளி பிடித்திருக்கும். போனதும் மிளகு ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும்.

துவாக்குடி வந்துவிட்டது, தம்பி. உங்கள் இடம். பையை எடுத்துக்கொள்ளுங்கள், குடையை மறக்காதீர்கள். கெட் டவுன்… இல்லை, கெட் ஆஃப். படுத்துவிடாதீர்கள். பார்த்து, பார்த்து. உங்களோடு ஆறு பேர் இறங்குகிறீர்கள். ஏறுகிறவர் யாரும் இல்லை.

ரைட்.

மிச்சம் இருபத்து மூன்று.

கொஞ்சம் இருங்கள். இருபத்து நான்கு.